எட்டுக் கோள்களும் ஒரு மன்னிப்பும்

"செத்தா எல்லாரும் ஒரே எடத்துல சாவோம். ஒடனே பொறப்பட்டு வா" என்று இராமலிங்கப் பண்டாரம் மகனுக்குக் கார்டு போட்டிருந்தார்.

மதுரையில் பி.ஏ. வரலாறு கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த ஞானவேல், அந்தக் கார்டை விடுதி நண்பர்களிடம் காட்டிச் சிரித்தான். அவர்களில் பாதிப் பேருக்கு வீட்டிலிருந்து அதே மாதிரி கார்டு வந்திருந்தது. 1962-ஆம் வருஷத்துத் தை மாதம் அது. மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடப் போகின்றன, பிப்ரவரி மூன்றிலிருந்து ஐந்துக்குள் உலகம் அழியப் போகிறது என்று நாடெங்கும் பேச்சு. படித்தவர்கள் தெருவில் கேலி பேசிவிட்டு வீட்டுக்குள் நெய்விளக்கு ஏற்றினார்கள். ஞானவேலுக்கும் அவன் தங்கை கண்மணிக்கும் தாய் இல்லை. அப்பாவின் பயத்தைப் பார்த்துச் சிரிக்க முடிந்ததே தவிர, அந்தப் பயத்தோடு அவரைத் தனியே விட மனம் வரவில்லை. பரீட்சைக்கு வேண்டிய ஐரோப்பிய வரலாற்றுப் புத்தகங்களைத் துணிப்பையில் திணித்துக்கொண்டு வத்தலக்குண்டு வந்து மலை பஸ் ஏறினான்.

"குருவிமேடா? இன்னைக்கு மேல போனா ஆறாந்தேதி வரைக்கும் கீழ எறங்க முடியாது தம்பி. காப்புக் கட்டப் போறாங்களாமே" என்றார் கண்டக்டர்.

பண்ணைக்காட்டில் இறங்கி, காப்பித் தோட்டங்களின் ஊடே ஏறிப் போனால் வரும் சிற்றூர் குருவிமேடு. ஊரின் தோட்டம் முழுக்கச் சுப்புராஜுடையது. பஞ்சாயத்துத் தலைவரும் அவர்தான், வேலாண்டி கோயில் தர்மகர்த்தாவும் அவர்தான். கோயிலில் அன்றாடப் பூசை செய்வது இராமலிங்கப் பண்டாரம். கோயிலை ஒட்டிய இரண்டு அறை வீடு பூசைக்காரருக்கென்று விடப்பட்டது. ஞானவேல் பிறந்ததும் வளர்ந்ததும் அந்த வீட்டில்தான்.

அவன் போய்ச் சேர்ந்த மறுநாள் காப்புக் கட்டினார்கள். பழனியிலிருந்து யாகம் நடத்த இரண்டு குருக்கள்மார் வந்திருந்தார்கள். ஊர் எல்லையில் நான்கு பக்கமும் வேப்பிலை செருகிய மஞ்சள் கயிறு கட்டினார்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு மஞ்சள் நூல். சுப்புராஜ் கோயில் படியில் நின்று பேசினார். எல்லைக்குள் இருப்பவர்களுக்கு ஆபத்தில்லை. யாகம் முடியும்வரை யாராவது ஒருவர் கயிற்றைத் தாண்டினாலும் காப்பு முறிந்துவிடும். தாண்டியவருக்கு மட்டுமல்ல, ஊருக்கே கேடு வரும். பகலில் வழக்கம்போல் வேலை, மாலையில் யாகம்.

தோட்டத்தில் காப்பிப் பழம் சிவந்து உதிரும் தறுவாயில் இருந்தது. கடைசி நேரத்தில் சொந்தபந்தங்களோடு இருக்க வேண்டும் என்று பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு சமவெளிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். குருவிமேட்டில் ஒருவரும் இறங்கவில்லை. கூடை கூடையாகப் பழம் வந்து குவிந்தது. அந்தக் காப்பு எதைக் காக்கிறது என்பது ஞானவேலுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. ஆனாலும் அப்பா நீட்டிய நூலுக்குக் கையைக் கொடுத்தான். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

குப்பம்மாள் வந்து கேட்காமல் இருந்திருந்தால் கடைசிவரை சொல்லாமலே இருந்திருப்பான்.

குப்பம்மாள் பழம் பறிக்கிறவள். புருஷன் இல்லை. ஒரே மகளை அய்யம்பாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். அந்தப் பெண் நிறைமாதம், தலைப்பிரசவம். பொழுது சாயும் நேரத்தில், மேட்டுப் பாறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த ஞானவேலிடம் வந்து கூடையை இறக்கினாள்.

"தம்பி, நீங்க பெரிய படிப்புப் படிக்கிறீங்க. நான் கயித்தைத் தாண்டிப் போனா நெசமாவே ஊரு அழிஞ்சிருமா? எம்மக ஒத்தையில கெடக்கா. மாமியாக்காரிக்குக் கண்ணு தெரியாது."

கீழே சமவெளியில் ஒவ்வொன்றாக விளக்குகள் தெரியத் தொடங்கியிருந்தன. ஞானவேல் கையை நீட்டிக் காட்டினான்.

"அந்த மூணு வெளிச்சமும் எப்படித் தெரியுது?"

"ஒட்டிக்கிட்டுத்தேன் தெரியுது."

"கிட்டக்க இருக்கறது பட்டிவீரன்பட்டி. நடுவுல வத்தலக்குண்டு. அதுக்கும் அங்கிட்டு நெலக்கோட்டை. இங்கேருந்து பாத்தா ஒட்டிக்கிட்டு இருக்கு. பட்டிவீரன்பட்டிக்காரன் கையை நீட்டி நெலக்கோட்டைக்காரனைத் தொட முடியுமா? கெரகமும் அப்படித்தான் அக்கா. நம்ம கண்ணுக்குத்தான் ஒண்ணாச் சேருது. அதுங்க ஒண்ணையொண்ணு தொடவும் இல்ல, நம்மளைத் தொடவும் இல்ல. நீங்க போங்க. ஒண்ணும் ஆகாது."

குப்பம்மாள் அந்த விளக்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்ப வெள்ளனே பொறப்படுறேன்" என்றாள்.

விடியும்போது அவள் வீடு பூட்டிக் கிடந்தது. காப்பு முறிந்தது என்ற சத்தம் மத்தியானத்துக்குள் ஊரெங்கும் பரவிவிட்டது. யார் சொல்லிப் போனாள் என்பதும் பரவியது. போகிற வழியில் பண்டாரத்து மகன் சொன்னதை இரண்டு பேரிடம் வரிக்கு வரி சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். சிலர் யாக குண்டத்தின் முன்னால் விழுந்து அழுதார்கள். வேறு சிலர் சத்தமில்லாமல் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். சாயங்காலம் சுப்புராஜின் பங்களாவிலிருந்து ஞானவேலுக்கு ஆள் வந்தது.

அந்த பங்களா அவனுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடம் படிக்கும்போது லீவு நாட்களில் அங்கே போய்ச் சுப்புராஜின் அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்துப் படிப்பான். "பண்டாரத்து மகனுக்கு மூளை இருக்குய்யா" என்று வந்தவர்களிடம் அவனைக் காட்டிப் பெருமைப்பட்டவர் அவர். கல்லூரியில் இடம் கிடைக்கப் பிரின்சிபாலிடம் சொன்னதும் அவர்தான்.

"உக்காரு தம்பி" என்றார். காப்பி வரவழைத்தார். "கொடைக்கானல் ஆராய்ச்சிக்கூடம் பாத்திருக்கியா? நான் பாத்திருக்கேன். சூரியன்ல கருப்பாப் புள்ளி புள்ளியா இருக்கு. அங்க ஒருத்தர் எனக்கு வெவரமாச் சொன்னாரு. எட்டுக் கெரகத்துல கேதுங்கிறது கெரகமே கெடையாது, வெறும் கணக்குன்னு. தெரியுமா ஒனக்கு?"

ஞானவேல் காப்பிக் குவளையைக் கீழே வைத்தான். "தெரியும்ங்க."

"அஞ்சாந்தேதி ஒண்ணும் ஆகாது. ஆறாந்தேதி சூரியன் உதிக்கும். எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும்."

"அப்புறம் எதுக்குங்க இதெல்லாம்?"

"ஆறாந்தேதி காலையில இந்த ஜனம் யாரைக் கும்பிடணும்? அதைத்தான் நான் பாக்குறேன்." அவர் குரலில் கோபமே இல்லை. "நாளைக்குச் சாயங்காலம் யாகத்து முன்னாடி ஈரத்துணியோட வந்து நில்லு. தெரியாமச் சொல்லிட்டேன், காப்பு சத்தியம்னு சொல்லு. மூணு சுத்து அங்கப்பிரதட்சணம். முடிஞ்சுபோச்சு."

"சொல்லலைன்னா?"

"ஒன்னை நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். நீ மதுரைக்குப் போயிருவ." காப்பியை உறிஞ்சினார். "காப்பை முறிச்சவனைப் பெத்தவன் கையால காட்டுற தீபாராதனையை ஊரு தொட்டுக் கும்புடுமா? நான் சொல்லித்தான் அவங்களுக்குத் தெரியணும்னு இல்ல. அந்தக் குப்பம்மா திரும்பி வந்தா அவளைத் தோட்டத்து லைன் வீட்டுக்குள்ள விடுவாங்களா? அதுவும் நான் சொல்லத் தேவையில்ல. நீ ஒரு வார்த்தை சொன்னா ரெண்டும் சரியாப் போயிரும். யோசிச்சுக்க."

அவன் வெளியே வந்தான். மணிக்கட்டு நூலை அறுத்தெறிந்துவிட்டுக் கயிற்றைத் தாண்டி ஓடிவிட வேண்டும் போலிருந்தது. எல்லைவரை போகவும் செய்தான். அங்கே அன்று காலையிலிருந்து காவலுக்கு நின்ற நான்கு பேரும் அவனோடு பள்ளிக்கூடம் படித்தவர்கள். ஒருவரும் தடுக்கவில்லை. பயத்தோடு அவன் முகத்தையே பார்த்தார்கள். அவன் திரும்பி வந்துவிட்டான்.

போன பருவத்தில் கல்லூரிப் பட்டிமன்றத்தில் ஞானவேல் பேசிய பேச்சு பெயர் பெற்றது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கலிலியோவை ரோமாபுரிக்கு வரவழைத்து விசாரித்து, எழுபது வயதை நெருங்கிய கிழவனை மண்டியிட வைத்து, சொன்னது தவறு என்று சொல்ல வைத்தார்கள். "அவர் மண்டியிட்டிருக்கக் கூடாது. இவருக்கு முன்னால் புரூனோ சொன்னதை மாற்றாமல் நெருப்பில் நின்றார். இவர் மண்டியிட்டார். அன்று மண்டியிட்டது ஒரு மனிதரல்ல, மனித அறிவு!" என்று முடித்தபோது கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. திருச்சபை என்றால் அறியாமை, விஞ்ஞானம் என்றால் வெளிச்சம், இரண்டுக்கும் சண்டை. அவனுக்கு அப்போது அவ்வளவுதான் தெரிந்தது.

இப்போது பங்களாவிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், அந்தக் கதையில் அவன் தாண்டிப் போன இடங்களெல்லாம் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றன. விசாரணைக்கு உத்தரவிட்ட போப்பாண்டவர் அறியாதவரா? பதவிக்கு வருமுன் கலிலியோவைக் கொண்டாடி அவர்மேல் பாட்டு எழுதியவர் அவர். மேசையில் அவரோடு உட்கார்ந்து வானத்தைப் பற்றிப் பேசியவர். அறியாமைதான் எதிரி என்றால் எடுத்துச் சொல்லிப் புரியவைத்துவிடலாம். எல்லாம் தெரிந்தவரிடம் போய் எதைப் புரியவைப்பது? ஜெர்மனியும் பிரான்சும் போரில் கொந்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. போப்பின் பிடி தளர்ந்துவிட்டது என்று அவர் கூட இருந்தவர்களே முணுமுணுத்த காலம். கேள்வி பூமியைப் பற்றியதாகவே இருக்கவில்லை. யார் வாயிலிருந்து பூமியைப் பற்றிய வார்த்தை வர வேண்டும் என்பதுதான் கேள்வி. இதைப் புத்தகத்தில் படித்திருந்தான், அடிக்கோடுகூடப் போட்டிருந்தான். ஆனால் ஒரு காப்பிக் குவளைக்கு எதிரே உட்காரும்வரை அது அவன் உடம்பில் ஏறவில்லை.

அப்பா சாமிக்குச் சாத்த மாலை கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"ஏலே ஞானவேலு, நீ அவகிட்டச் சொன்னது நெசமா?"

"நெசம்ப்பா."

"ஒலகம் அழியாதா?"

"அழியாதுப்பா."

அவர் முகத்தில் ஒரு கணம் நிம்மதி தெரிந்தது. அது உடனே மறைந்தது. நாரை இழுத்து முடிச்சுப் போட்டார். "நீ செய்யின்னும் நான் சொல்லல, செய்யாதன்னும் சொல்லல. எனக்கு வேற சோலி தெரியாது. அம்புட்டுத்தேன்" என்றார்.

கண்மணி அடுப்படியிலிருந்து வந்தாள். எட்டாவதோடு நின்றவள். அண்ணன் லீவுக்கு வரும்போதெல்லாம் அவன் படித்த கதைகளைக் கேட்டுக் கேட்டு ரோமாபுரியும் பாரிசும் அவளுக்கு வத்தலக்குண்டு மாதிரி ஆகிவிட்டிருந்தன.

"அண்ணே, நீ பேச்சுல ஜெயிச்சியே, அந்தத் தூரக்கண்ணாடிக் கெழவன். அவருக்குப் புள்ளைகுட்டி இருந்துச்சா?"

"மூணு பேரு. மூத்த மக கன்னிமாடத்துல இருந்தா."

"அவ என்ன ஆனா?"

ஞானவேல் யோசித்தான். நூலகத்தில் ஒரு புத்தகத்தின் ஓரத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. பட்டிமன்றத்துக்கு உதவாது என்று விட்டுவிட்ட சங்கதி. "தண்டனையில ஒரு பங்கா, வாராவாரம் பாவமன்னிப்புச் செபம் சொல்லணும்னு அவருக்கு உத்தரவு. அந்த மக, அதை நான் சொல்றேன்னு ஏத்துக்கிட்டா."

"அப்ப அங்கப்பிரதட்சணத்தை நான் பண்றேன்" என்றாள் கண்மணி, ஏதோ தண்ணீர் எடுத்து வருகிறேன் என்பதுபோல. "ஒனக்குத்தான் நம்பிக்கை இல்லையே. நம்பிக்கை இல்லாம உருண்டா மேலு வலிக்கும், வேற என்ன? நீ வாயால மட்டும் சொல்லு."

அவன் மறுத்தான், கத்தினான். அவள் கேட்கவில்லை. அப்பா போய்ச் சுப்புராஜிடம் கேட்டுவிட்டு வந்தார். "தாராளமாச் செய்யட்டும். எனக்கு வேண்டியது அவன் வாய்தான்" என்றாராம்.

மறுநாள் நான்காம் தேதி. சாயங்காலம் மூடுபனி கோயில் வாசல்வரை இறங்கியிருந்தது. யாகப் புகை மேலே போக வழியில்லாமல் பனியோடு கலந்து கூட்டத்தின் தலைக்கு மேலேயே நின்றது. ஞானவேலைச் சுனையில் குளிக்கவைத்து ஈரவேட்டியோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். குளிரில் தாடை நடுங்கியது. பயத்தில் நடுங்குவதாக அவர்கள் நினைத்தார்கள்.

சொல்ல வேண்டியதை அவன் மனப்பாடம் செய்திருந்தான். "குருவிமேட்டு இராமலிங்கம் மகன் ஞானவேல் ஆகிய நான், அறிவீனத்தால் கிரகங்களைப் பற்றித் தவறாகச் சொன்னேன். கும்பிடுகிறேன், ஊர் மன்னிக்க வேண்டும்."

முடிந்துவிட்டது என்று நினைத்தான். சுப்புராஜ் மெல்ல, "காப்பு சத்தியம். அதையும் சொல்லிரு தம்பி" என்றார்.

அவன் கருவறையைப் பார்த்தான். உள்ளே தீபத்தட்டோடு அப்பா நின்றிருந்தார்.

"காப்பு சத்தியம்" என்றான்.

அழுகையும் அரோகராவுமாகச் சத்தம் எழுந்தது. காளியாயி என்ற கிழவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவன் தாடையைத் தடவி, "எஞ்சாமி" என்று முத்தமிட்டாள். அவர்கள் அவனை வெறுத்திருந்தால் தாங்கியிருப்பான். எல்லோர் கண்ணிலும் அன்பு இருந்தது.

கண்மணி ஈரச்சேலையோடு பிரகாரத்துச் சரளைக்கல்லில் உருண்டாள். மூன்று சுற்று முடிந்தபோது முழங்கை இரண்டிலும் தோல் வழன்றிருந்தது. வீட்டில் அவள் கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே ஞானவேல் அழுதான்.

"நான் செஞ்ச பாவத்துக்கு நீ..."

"கெரகத்தைப் பத்திச் சொன்னியே, அதுக்குன்னா நெனைக்கிற?" என்றாள் கண்மணி. "அது பாவம்னு எனக்குத் தோணல. சாமி முன்னாடி நின்னு இன்னைக்கு நீ பொய் சொல்லப் போறன்னு தெரியும். அதுக்குத்தான் உருண்டேன்."

ஞானவேல் எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அந்த ரோமாபுரி அறையில் பத்து நீதிபதிகளில் மூன்று பேர் தீர்ப்பில் கையெழுத்துப் போடவில்லை என்று படித்திருந்தான். ஏன் போடவில்லை என்று யாருக்கும் தெரியாது. எதிர்த்தும் பேசவில்லை, ஒத்தும் கொள்ளவில்லை, பேசாமல் இருந்துவிட்டார்கள். அவர்களைப் பற்றி அதுவரை அவன் ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. அன்று வெகு நேரம் யோசித்தான்.

ஐந்தாம் தேதி போயிற்று. ஆறாம் தேதி காலை பனி விலகி, வெயில் தோட்டத்து இலைகளில் பளபளத்தது. ஒன்றும் ஆகவில்லை. கயிற்றை அவிழ்த்தார்கள். பாட்டும் குலவையுமாக ஊர் ஆடியது. யாராவது ஒருவராவது வந்து, "நீ சொன்னது சரிதானேப்பா" என்று கேட்பார்கள் என்று ஞானவேல் காத்திருந்தான். ஒருவராவது யோசிக்க மாட்டார்களா?

வந்தார்கள், கூட்டமாகவே வந்தார்கள். வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் கொண்டுவந்தார்கள்.

"முறிஞ்ச காப்பு ஒம் மன்னிப்பாலதான் தம்பி ஒட்டுச்சு" என்றார் ஒருவர். "நீ மட்டும் வீம்பு புடிச்சிருந்தா இன்னேரம் நாம மண்ணோட மண்ணு."

"அழியாதுன்னு நான் மொதல்லயே..." என்று ஆரம்பித்தான்.

"ஆமா, அழியாதுன்னு மொதல்ல சொன்ன. அப்புறம் தப்புன்னு ஒத்துக்கிட்ட. அதனாலதான் அழியல."

அவர் ஒரு வாழைப்பழத்தை அவன் கையில் வைத்து மூடினார்.

அன்று சாயங்காலம் குப்பம்மாள் வந்தாள். அவளிடமாவது பேசலாம் என்று எழுந்து வாசலுக்கு ஓடினான். அவள் அவன் காலில் விழுந்தாள்.

"பேரன் பொறந்திருக்கான் தம்பி! முந்தாநாள் பொழுதெறங்கற நேரம். தலை திரும்பலைன்னு மருத்துவச்சியே கையை விட்டுட்டா. நீங்க இங்க சாமிகிட்ட மன்னிப்புக் கேட்ட அதே நேரம், புள்ள வெரசா வெளிய வந்துருச்சு. நான் காப்பைத் தாண்டுன பாவத்தையும் நீங்களே சேத்துச் சொமந்தீங்க."

"அக்கா, அந்த வெளக்கெல்லாம் காட்டுனேனே. ஒட்டலைன்னு சொன்னேனே. நீங்கதானே அதைக் கேட்டுப் போனீங்க? போனதாலதானே மக பக்கத்துல இருக்க முடிஞ்சுது?"

அவள் அவனை இரக்கத்தோடு பார்த்தாள். "அதெல்லாம் மறந்துருங்க தம்பி. சாமியே மன்னிச்சிருச்சு" என்றாள்.

ஞானவேல் மதுரைக்குத் திரும்பினான். பரீட்சையில் பதினேழாம் நூற்றாண்டின் திருச்சபையையும் விஞ்ஞானத்தையும் பற்றிக் கேள்வி வந்தது. பட்டிமன்றப் பேச்சை எழுதியிருந்தால் நல்ல மார்க்கு வந்திருக்கும். அவன் அந்த மூன்று நீதிபதிகளைப் பற்றியும் மகளைப் பற்றியும் எழுதினான். இன்னொன்றும் எழுதினான்: தவறு என்று ஒத்துக்கொண்ட கிழவரை எட்டரை வருஷம் வீட்டுக் காவலில் வைத்தார்கள், அதைவிடக் கடுமையான தண்டனை ஒன்று உண்டு, அவரைக் கொண்டாடுவது, அது அவர்களுக்குத் தோன்றவில்லை. மூன்றாம் வகுப்பில் தேறினான்.

கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் சரித்திர ஆசிரியர் வேலை கிடைத்தது. கண்மணிக்குப் பாச்சலூரில் கல்யாணமாயிற்று. அந்தத் தை யாகத்தைச் சுப்புராஜ் வருஷாவருஷம் நடத்தினார். ஒவ்வொரு வருஷமும் காப்பிப் பழம் சிவக்கும்போது காப்புக் கட்டினார்கள். ஒவ்வொரு வருஷமும் ஞானவேல் வர வேண்டும். அவன் வராவிட்டால் காப்பு நிற்காது என்று ஊர் நம்பியது. அப்பா கருவறையில் இருக்கும்வரை அவனால் மறுக்க முடியவில்லை. போவான். தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். பண்டாரத்து மகனுக்குத் தர்மகர்த்தாவுக்கு அடுத்த மரியாதை.

1966-ஆம் வருஷம் அவன் ஒரு முடிவோடு போனான். பரிவட்டம் கட்டி முடித்ததும், யாரும் எதிர்பாராத நேரத்தில் படியேறி நின்று உரக்கச் சொன்னான்.

"கேளுங்க. அன்னைக்கு நான் சொன்னது பொய். எங்க அப்பாவுக்காகவும் குப்பம்மா அக்காவுக்காகவும் பொய் சொன்னேன். ஒலகம் என்னால தப்பிக்கல. அதுக்கு ஆபத்தே இல்ல. எனக்கு இந்த மரியாதை வேண்டாம். எனக்கு அதுக்குத் தகுதி இல்ல."

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பிறகு பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். காளியாயி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "எம்புட்டு அடக்கம் பாத்தியா?" என்றாள். "செஞ்ச நல்லதைத் தான் செய்யலங்குது. படிச்ச புள்ளைன்னா இதுதேன்."

அரோகரா என்ற சத்தம் மலையில் மோதித் திரும்பியது. சுப்புராஜ் அவன் தோளில் கைவைத்து, "நல்லாப் பேசுனீங்க சார்" என்றார். அவர் அவனை மரியாதையாக அழைத்தது அதுதான் முதல் தடவை.

ஞானவேல் கருவறைப் பக்கம் திரும்பினான். அப்பாவுக்கு வயதாகிவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. மகன் சொன்னது அவருக்கு மட்டும் அப்படியே கேட்டிருந்தது. அவர் தலையை மெதுவாக ஆட்டினார். வேண்டாம் என்கிறாரா, ஆமாம் என்கிறாரா என்று தெரியவில்லை.

பந்தி போட்டார்கள். முதல் இலை அவனுக்கு. எதிரே ஊரே நின்று அவன் கை வைப்பதற்காகக் காத்திருந்தது. அவன் சாப்பிடாமல் யாரும் சாப்பிட மாட்டார்கள். குப்பம்மாள் குனிந்து சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், "சாப்புடுங்க தம்பி, ஆறிரும்" என்றாள்.

ஞானவேல் இலையில் கை வைத்தான்.